வீணைக்கு வைத்த பரஸ்தானம்

வீணை வாசிப்பது ஒரு பாடு என்றால், அந்த வீணையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது ஒன்பது பாடு. தையல்நாயகியைக் கேட்டால் சொல்வாள். புல்லாங்குழல்காரன் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறான். வயலின்காரி தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே போய்விடுகிறாள். வீணைக்கு மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடமும் வேண்டும், அது போதாமல் பக்கத்து ஆளின் மடியும் வேண்டும். ஒரு கோடியில் பானை போலப் பெரிய குடம், மறு கோடியில் யாளி முகம், அதற்குக் கீழே இன்னொரு சின்னக் குடம். எந்தப் பக்கம் பார்த்துப் பிடித்தாலும் மற்றப் பக்கம் எதன்மேலாவது போய் இடிக்கும்.

ஒருமுறை லாஸ்பேட்டை வீட்டிலிருந்து வில்லியனூர் கோயில் கச்சேரிக்கு டவுன் பஸ்ஸில் போனாள். கண்டக்டர் வீணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டாக்கா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டிலிருந்து ஓர் அம்மாள் எட்டித் துணி உறையைத் தடவிப் பார்த்து, "உள்ள இன்னாமா, ஒடம்பு சரியில்லாத புள்ளயா?" என்றாள். டெம்போவில் ஏற்றினால் குடம் ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே லாரி வரும்போதெல்லாம் தையல்நாயகிக்கு உயிர் போய் உயிர் வரும். அவள் புருஷன் விஜயராகவன் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. அவனிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அதில் வீணை ஏறினால் தையல்நாயகி ஏற முடியாது, தையல்நாயகி ஏறினால் வீணை ஏற முடியாது.

"யாரு தூக்கிக்கினு அலையறது?" என்பான் விஜயராகவன். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டான். சாம்பாரில் உப்புக் குறைகிறது என்பதுபோலச் சொல்வான். கோயில் கச்சேரி வந்தாலும் அதே கேள்வி, கல்யாணக் கச்சேரி வந்தாலும் அதே கேள்வி. கூப்பிட்டுப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் அவளை வாசிக்காதே என்று தடுக்கவில்லை. வண்டி கிடைக்காததாலேயே ஒரு மனுஷியின் வாசிப்பு வீட்டுக் கூடத்தோடு நின்றுபோனது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. சென்னையில் பெயர் பெற்ற ஓர் இசைப்பள்ளி, புதுச்சேரியில் கிளை திறக்கப் போகிறது. அதுவும் எங்கே? லாஸ்பேட்டையிலேயே, அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். வீணை டீச்சர் ஒருவர் வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. ஆடி வந்தால் தையல்நாயகிக்கு நாற்பது முடிகிறது. பள்ளியிலேயே வீணைகள் இருக்கும், தினமும் கையை வீசிக்கொண்டு நடந்து போய் வாசித்துவிட்டு வரலாம். இனி எந்தக் கண்டக்டர் முகத்திலும் விழிக்க வேண்டாம், எந்த டெம்போக்காரனையும் கெஞ்ச வேண்டாம். ஆனால் தேர்வுக்கு மட்டும் அவரவர் வீணையோடு சென்னை மயிலாப்பூருக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு தடவை. இந்த ஒரு தடவை மட்டும் வீணையை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். தையல்நாயகி அடுப்படியில் நின்று மனசுக்குள் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். வாசிப்பைப் பற்றி அவளுக்கு ஒரு துளி பயம் கிடையாது. பயமெல்லாம் வழியைப் பற்றித்தான்.

அதனால் வழிக்கு வேண்டியதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வம்பாகீரப்பாளையத்தில் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் அடிக்கிறவர் ஒருவரிடம் வீணையையே எடுத்துக்கொண்டு போய், அளவு கொடுத்து ஒரு பெட்டி செய்து வாங்கினாள். கன்னங்கரேலென்று, பளபளவென்று, மூடினால் காற்றுப் புகாத பெட்டி. "கடல்ல தூக்கிப் போட்டாலும் மெதக்கும்மா, பயப்படாத" என்றார் அவர். கோரிமேட்டு டாக்ஸி ஸ்டாண்டில் இண்டிகா கார் வைத்திருக்கும் சாமிக்கண்ணுவைப் பேசி வைத்தாள். பின்சீட்டு முழுக்க வீணைக்கு, முன்சீட்டில் அவள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விஜயராகவன் தினசரி காலண்டரைத் திருப்பிப் பார்க்கும்வரை.

"புதன்கெழமயா?" என்றான். முகம் தொங்கிப்போயிற்று. "செவ்வாய், புதன் வடக்கே சூலம்டி. மெட்ராஸ் வடக்கே தான இருக்குது?"

"அவங்க வெச்ச தேதிங்க. நாமளா வெச்சோம்?"

"யாரு வெச்சா இன்னா? சூலத்துக்கு எதிர்ல போனா காரியம் வெளங்குமா?"

"அதுலயே கீழ போட்டிருக்குது பாருங்க, பரிகாரம் பால்னு. ஒரு டம்ளர் பாலக் குடிச்சிட்டுப் போறேன்."

"பாலெல்லாம் சந்தைக்குக் காய் வாங்கப் போறவனுக்கு" என்றான் விஜயராகவன். "இது வாழ்க்கைப் பிரச்சினை."

அடேயப்பா! இத்தனை வருஷம் அவளுடைய வாசிப்பு யாருக்கும் பிரச்சினையாக இருந்ததில்லை. இப்போது திடீரென்று வாழ்க்கைப் பிரச்சினை ஆகிவிட்டது.

விஜயராகவனுக்கு இந்த விஷயத்தில் தனிப் பிடிவாதம் உண்டு. சின்ன வயசில் ஒரு பேங்க் வேலைக்குச் சூலம் பார்க்காமல் போய்த் தோற்றுவிட்டு வந்தவன். அதற்கப்புறம் பரஸ்தானம் வைக்காமல் எந்த ஊருக்கும் போனதில்லை. பரஸ்தானம் என்றால் வேறொன்றுமில்லை. கிளம்ப வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் நம் பொருள் ஏதாவது ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றி, போகிற திசையில் வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. பொருள் கிளம்பிவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று கணக்கு. அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. வழக்கமாக ஒரு துண்டில் கொஞ்சம் அரிசியும் மஞ்சளும் முடிந்து எதிர்வீட்டில் கொடுத்து வைப்பார்கள். காரைக்காலுக்கு மாற்றல் வந்தபோது விஜயராகவன் தன் பழைய செருப்பைப் பரஸ்தானம் வைத்தான். மாற்றல் ரத்தாகிவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை.

"சரி, ஒரு துண்ட முடிஞ்சி எதிர்வூட்டுல குடுத்துடறேன்" என்றாள் தையல்நாயகி. வாதாடி முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"துண்டா? துண்டா போயி அங்க வாசிக்கப் போவுது? எது வாசிக்கப் போவுதோ அதுதான் போவணும். வீணையே போவட்டும்."

தையல்நாயகிக்கு முதலில் விளையாட்டாகப் பட்டது. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

வடக்கே, சென்னை போகிற வழியிலேயே, காலாப்பட்டில் அவனுடைய அக்கா மாலாவின் வீடு இருந்தது. திங்கட்கிழமை நல்ல நேரத்தில் வீணை அங்கே போய்விட வேண்டும். புதன்கிழமை விடியற்காலையில் போகும்போது அங்கே நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். விஜயராகவன் திட்டம் இதுதான். தையல்நாயகி அழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"நான் வாசிச்சிப் பாக்கணுங்க. ரெண்டு நாளு கையில வீணை இல்லாம எப்படி?"

"இத்தினி வருசம் வாசிச்சது ரெண்டு நாள்ல மறந்துடுமா?"

"அது மெழுகுல மெட்டு வெச்ச வாத்தியம். சூடு பட்டா மெழுகு எளகி மெட்டெல்லாம் சாஞ்சிடும். அக்னி நட்சத்திரம் நடக்குது."

"அதான் பொட்டி செஞ்சி வெச்சிருக்கியே. கடல்லயே மெதக்கும்ன."

"அப்ப நானும் அண்ணி வீட்டுல போயி இருந்துக்கறேன்."

"பொருளும் ஆளும் ஒண்ணாப் போனா அதுக்குப் பேரு பரஸ்தானமா? அது பயணம்."

எதைச் சொன்னாலும் அவனிடம் பதில் இருந்தது. கடைசியில், "உன் நல்லதுக்குத்தான சொல்றேன். அப்புறம் வேல கெடைக்கலன்னா என்னக் கேக்காத" என்றான். அவனைப் பகைத்துக்கொண்டு போய், ஒருவேளை வேலை கிடைக்காமல் போனால், ஆயுசு முழுக்க இதையே சொல்லிக் காட்டுவான். அந்தப் பயத்தில்தான் ஒப்புக்கொண்டாள். அப்படி ஒப்புக்கொண்ட தன்னையே அப்புறம் எத்தனை தடவை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு மினிடோர் வண்டி வாசலில் வந்து நின்றது. சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி. வீணைக்காக வரவழைத்த வண்டிதான். ஆனால் வண்டி சும்மா போகிறதே என்று விஜயராகவன் அக்காவுக்கு ஒரு பழைய கிரைண்டரையும் ஓர் அரிசி மூட்டையையும் ஏற்றினான். தையல்நாயகி மூட்டைக்கும் பெட்டிக்கும் நடுவே தன் கல்யாணத்து ஜமுக்காளத்தை மடித்துத் திணித்தாள். கிரைண்டர் கல் உருளாமல் இருக்கத் தலையணை வைத்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவன் கத்தக் கத்த, கயிற்றை அவளே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் வீட்டுக்குள் வந்தாள். கூடத்தில் வீணை இருந்த மூலை வெறிச்சோடிக் கிடந்தது.

அந்த இரண்டு நாளும் அவள் சமையல் மேடையின் விளிம்பில் விரல்களை ஓட்டிப் பழகினாள். குழம்பு கொதிக்க, இடது கை கடப்பைக் கல்லின் மேல் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. காலையும் மாலையும் காலாப்பட்டுக்கு போன் போட்டாள்.

"அண்ணி, வீணை மேல வெயில் படலியே?"

"ஒரு பொட்டு வெயில் கெடையாது, தையலு. நான் பாத்துக்க மாட்டனா?"

"எடம் மாத்தாதீங்க அண்ணி. யாரும் தொறக்க வேணாம்."

"யாரு தொறக்கறா? ரெண்டு வேளையும் வெளக்கேத்தி, பூ வெச்சி, சூடம் காட்டறேன். எங்க வூட்டுக்கு சரஸ்வதியே வந்த மாதிரி இருக்குது போ."

மாலா நல்ல மனசுக்காரிதான். அதில் சந்தேகமில்லை. தையல்நாயகி நிம்மதியாகப் போனை வைத்தாள்.

புதன்கிழமை விடிந்தும் விடியாமலும் சாமிக்கண்ணுவின் இண்டிகா வந்தது. விஜயராகவனும் உடன் கிளம்பினான். பின்சீட்டில் ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். தையல்நாயகி பாலையும் குடித்தாள். எதற்கு வம்பு! காலாப்பட்டில் மாலா வாசலில் கோலம் போட்டு, பெட்டியை வெளியே எடுத்து வைத்துக் காத்திருந்தாள். பெட்டியின் மேல் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. தையல்நாயகி காரிலிருந்து இறங்கியதுமே பெட்டியின் கொக்கியில் கை வைத்தாள்.

"இப்ப எதுக்குத் தொறக்கற?" என்றான் விஜயராகவன். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஊர் எல்லையத் தாண்டணும். அங்க போயி பாத்துக்கலாம்."

"ஒரு நிமிசங்க."

"சாமிக்கண்ணு, தூக்கி உள்ள வைப்பா."

சாமிக்கண்ணு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் தூக்கி வைத்தான். பெட்டி விடியற்காலைக் காற்றில் சில்லென்றுதான் இருந்தது. தையல்நாயகி அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே சென்னை வரை திரும்பி உட்கார்ந்துகொண்டு போனாள். ஒவ்வொரு வேகத்தடையிலும், "மெதுவா, மெதுவா" என்றாள். சாமிக்கண்ணு ஒரு முட்டைக்கூடையைக் கொண்டுபோவதுபோலத்தான் ஓட்டினான்.

மயிலாப்பூரில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது பள்ளி. கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு வீணையோடு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஆளுயரச் சரஸ்வதி சிலை, அதன் காலடியில் மாலை போட்ட ஒரு பழைய வீணை. தையல்நாயகி ஒரு மூலையில் பாயை விரித்து, மல்லிகையை எடுத்து ஓரமாக வைத்து, பெட்டியைத் திறந்தாள்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. வேறு யாருடைய வீணையோ என்று நினைத்தாள்.

நீண்ட தண்டியின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு மெழுகில் வரிசையாக நிற்கவேண்டிய, ஸ்வரம் பிடிக்கிற பித்தளை மெட்டுகள் சரிந்து கிடந்தன. சில ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. சில மெழுகுக்குள்ளேயே அமிழ்ந்துபோயிருந்தன. மெழுகு வழிந்து, குடத்துப் பக்கமாக ஓடி, ராத்திரிக் குளிரில் அப்படியே இறுகிவிட்டிருந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. தந்தி ஒன்றும் அறவில்லை. யாளி முகம் எப்போதும்போல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்வரம்கூட வாசிக்க முடியாத முழு வீணை அவள் மடியில் இருந்தது.

கட்டை விரலால் ஒரு மெட்டை நிமிர்த்திப் பார்த்தாள். நிமிர்ந்தது, விட்டதும் சாய்ந்தது. இரண்டாவதை அழுத்தினாள். அது கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையில் அந்தப் பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதால் கண் மறைக்கும் என்று அழாமல் இருந்தாள்.

பக்கத்தில் ஒரு பெண் வாசித்து முடித்து வந்து வீணையை உறையில் போடப் போனாள். தையல்நாயகி வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "கொஞ்ச நேரம் உங்க வீணையக் குடுப்பீங்களா? வாசிச்சிட்டு உடனே குடுத்துடறேன்." அந்தப் பெண் சரி என்றுதான் தலையை ஆட்டினாள். அவளுடைய அம்மா குறுக்கே வந்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. சரஸ்வதி கடாட்சம், கை மாறப்படாதும்பா. நாங்க யாருக்கும் தர்றதில்லை." சொல்லிவிட்டு வீணையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடினாள். அதைக் கேட்டதும் மற்றவர்களும் தங்கள் வீணையைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள்.

தையல்நாயகி எழுந்து சிலையிடம் போனாள். காலடியில் இருந்த வீணையின் மாலையை விலக்கிப் பார்த்தாள். அதில் தந்தியே இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். வீணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நடந்ததை எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் சூலத்துக்குப் பயந்து வீணையை முன்னாலேயே அனுப்பிவிட்டார் என்றா? வழியில் சூடு பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் மெட்டுகளைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வாத்தியத்தை இப்படி வச்சுக்கிற டீச்சர்கிட்ட பிள்ளைங்களோட வீணையை எப்படிம்மா ஒப்படைக்கிறது?"

"வாயாலயாவது பாடிக் காட்டறேன் சார். இல்லன்னா இங்க இருக்கிற ஒரு வீணையக் குடுங்க."

"எங்க வீணையெல்லாம் புதுச்சேரிக்கு ஏத்தியாச்சு. பாட்டுக்கு வேற ஆள் எடுத்தாச்சு."

"ரெண்டு நாள் டயம் குடுத்தா சரி பண்ணிக்கினு வந்துடறேன்."

"இன்னிக்கே முடிவு பண்ணியாகணும்மா. அடுத்த தடவை பார்க்கலாம்."

அடுத்த தடவை அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். அது அவருக்கும் தெரியும். அவர் கையில் அவள் பிறந்த தேதி இருந்தது.

வெளியே மரத்தடியில் விஜயராகவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? நான் சொல்லல? பரஸ்தானம் வெச்சிக் காரியம் நின்னதா சரித்திரமே கெடையாது."

தையல்நாயகி பெட்டியைத் திறந்து காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தான இருக்குது? ஒடையலியே" என்றான். மெட்டுகளைக் காட்டிச் சொன்ன பிறகுதான் வாயை மூடினான். கார் மகாபலிபுரத்தைத் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெல்லச் சொன்னான். "சூலம் தன் வேலயக் காட்டிடுச்சு பாரு. ஞாயித்துக்கெழமயே வெச்சிருக்கணும்."

சாமிக்கண்ணு கண்ணாடியில் அவனை ஒருமுறை பார்த்தான். தையல்நாயகி பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலாப்பட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னது அவள்தான். மாலா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் தட்டை வைத்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, வீணைய எங்க வெச்சிருந்தீங்க?"

"மேலதான். மாடி ரூம்புல."

தையல்நாயகி படியேறினாள். மாடியில் ரூம்பு என்று ஒன்று இல்லை. தகரம் அடித்த ஒரு கொட்டகை இருந்தது. சாயங்காலம் ஆகியும் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஜன்னல் கிடையாது. உண்மைதான், ஒரு பொட்டு வெயில் உள்ளே வர வழியில்லை. தரையைக் கழுவி மெழுகியிருந்தார்கள். நடுவில் பெரிய படிக்கோலம், அதற்குச் செம்மண் கரை. பெட்டி சாய்ந்து நின்ற சுவருக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எண்ணெய்க் கறை இன்னும் காயவில்லை. வாடிய மல்லிகை, ஊதுபத்திச் சாம்பல், சூடம் எரிந்த தட்டு. அவள் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யவில்லை.

கீழேயிருந்து மாலாவின் குரல் வந்தது. "செருப்பக் கழட்டிட்டுப் போ தையலு. சரஸ்வதி இருந்த எடம்."

தையல்நாயகி செருப்போடு அந்தக் கோலத்தின் நடுவில் போய் நின்றாள். நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. ஒரு மனுஷியால் நிற்க முடியாத இடம். அப்புறம் இறங்கி வந்தாள்.

"ஏன் அண்ணி கீழ வெக்கல?"

"எம் பொண்ணு வூட்டுக்குத் தூரமா இருந்தா. தீட்டு வூட்டுல சரஸ்வதிய வெக்கலாமா, சொல்லு? அந்தப் பாவம் யாருக்கு வந்து சேரும்? அதனால மேல தனியா, சுத்தபத்தமா வெச்சேன்." மாலாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் தையல்நாயகிக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. கெட்ட மனசோடு செய்திருந்தால் காறித் துப்பிவிட்டாவது போயிருக்கலாம்.

உள்ளே கூடத்தில் அந்தப் பெண் ஃபேனுக்கு அடியில் படுத்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஜயராகவன் காரின் பின்கதவைத் திறந்து பெட்டியை இழுத்தான்.

"இன்னா பண்றீங்க?"

"காரியம் ஆவாம திரும்பின பரஸ்தானத்த நம்ம வாசப்படி ஏத்தக் கூடாதுடி. அமாவாசை கழியட்டும். அதுவரைக்கும் இங்கயே மேல இருக்கட்டும். நல்ல நாள் பாத்து எடுத்துக்கலாம்."

அவ்வளவுதான். இத்தனை வருஷமாக எங்கே இருந்ததோ, அந்தக் குரல் வந்தது.

"கைய எடுங்க அதுமேலருந்து!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். விஜயராகவன் கையை எடுத்துவிட்டான்.

"நல்ல நேரம் பாத்தீங்க, தெசை பாத்தீங்க, தீட்டுப் பாத்தீங்க. கோலம் போட்டு, பூ வெச்சி, சூடம் காட்டினீங்க. அது எதுக்கு இருக்குதுன்னு ஒருத்தராச்சும் நெனச்சீங்களா? வாசிக்கறதுக்கு இருக்குது. நான் வாசிக்கறதுக்கு. மரக்கட்டைக்கு எல்லாரும் கும்புடு போட்டீங்க, வாசிக்கறவ ஒருத்தி இருக்கறாளேன்னு யாருக்கும் தோணல. என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டு, அதுமேல குங்குமத்த வெச்சிட்டீங்க."

மாலா விசும்பினாள். விஜயராகவன் அக்கம்பக்கம் பார்த்தான். "தெருவுல நின்னு கத்தாத. வேலதான் போச்சு, விடு. இப்ப கத்தி இன்னா ஆவப் போவுது?" என்றான்.

ஒன்றும் ஆகப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். லாஸ்பேட்டையில் நடந்து போகிற தூரத்தில் அந்தப் பள்ளி திறக்கும். வேறு யாரோ ஒருத்தி உள்ளே உட்கார்ந்து வாசிப்பாள். காய் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் இவள் போகவேண்டும்.

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பெட்டியை அவளே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"சாமிக்கண்ணு, நாளைக்கு வண்டி சும்மாதான இருக்குது?"

"சும்மாதாங்க்கா. எங்க போவணும்?"

"தஞ்சாவூருக்கு. மெட்டு வெச்சிக் குடுக்கற ஆசாரி அங்கதான் இருக்காரு. காலையில வந்துடு. நானும் வீணையும் மட்டுந்தான்."

விஜயராகவன் ஜன்னலில் குனிந்து நின்றான். பதறிப்போயிருந்தான். "நாளைக்கா? வியாழக்கெழமடி நாளைக்கு. தெற்கே சூலம்."

"தெரியும்" என்றாள் தையல்நாயகி. "அதனாலதான் நாளைக்கே போறேன்."